மருந்து மணக்காத சட்டை

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்த சிற்றூழியர் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது இரண்டு மாதம் பதில் சொல்லாமல் ஒளித்துத் திரிந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளரின் மலசலப் பெற்பான் கழுவினேன், தள்ளுக்கட்டில் தள்ளினேன், செத்தவர்களைத் துடைத்து உடுப்பு மாற்றினேன். ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போனதால் நேரத்தோடு வேலையை விட்டேன். மருந்தைப் பற்றி எழுத டொக்டர்மார் இருக்கிறார்கள், மிசிமார் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிசி என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். நாலு பேர் கூடின இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சம். இவள் யார் இதை எழுத என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயம்தான்.

ஆனால் போன மாதம் முதுகுக்கு மருந்து எடுக்கக் கிளினிக்குக்கு வந்தேன். விறாந்தையில் ஒருவனைக் கட்டிலோடு கட்டி முகங்குப்புறப் போட்டிருந்தீர்கள். அவன் கத்தினான். உடம்பிலிருந்து வேர்வை ஓடி மெத்தையில் தேங்கி நின்றது. உங்களில் ஒருத்தி என்னைக் கண்டு சிரித்தாள். "அன்ரி, இது தூள் கேஸ். தன்ர பாட்டிலை அடங்கும்" என்றாள். நான் கட்டை அவிழ்த்து, அவனைப் பிரட்டி நிமிர்த்திவிட்டு, துவாயை நனைத்து நெற்றியில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள்மேல் உள்ளது பாதி. மீதி யார்மேல் என்று வாசித்தால் தெரியும்.

தன் பாட்டில் அடங்கும் என்றாளே, அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் ஒரு செடியின் பச்சை இலையை வாயில் அடக்கி மெல்லுகிறார்களாம், எங்கள் ஆட்கள் வெற்றிலை போடுவது மாதிரி. மென்றால் நித்திரை வராது, பசிக்காது, கதை கூடும். அந்த இலைக்குள் இருக்கும் சாமானின் பெயர் கத்தினோன். அதைப் பார்த்து, அதே அச்சில் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஆய்வுகூடத்தில் நூறு விதமான போதைத் தூள் செய்கிறார்கள். இலை மாட்டுவண்டி என்றால் இது பிரேக் இல்லாத லொறி என்று எனக்கு ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். சிலதைக் குளியல் உப்பு என்று எழுதி விற்கிறார்கள். சிலதைப் பூங்கன்றுக்குப் போடும் பசளை என்று எழுதி, மனிதர் சாப்பிடக்கூடாது என்று அதிலேயே அச்சடித்து, மனிதர் சாப்பிடத்தான் விற்கிறார்கள். உடம்பு மெலிவதற்கென்று டொக்டர்மார் எழுதிக் கொடுத்த ஒரு பழைய மாத்திரையும், எங்கள் பேச்சில் குளிசை, இதே குடும்பம்தான். அதைத்தான் நான் கண்டேன். இந்தத் தூள் எதுவும் வன்னிக்கு வராத காலத்தில் கண்டேன்.

யுத்த நிறுத்தத்தில் பாதை திறந்து இரண்டாம் வருஷம். கண்டி வீதியில் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்தில் வெங்காயம் ஏற்றி, முகமாலைச் சோதனைச்சாவடியில் ஒரு நாள் வரிசையில் நின்று, வன்னியைக் கடந்து, ஓமந்தைச் சாவடியில் இன்னொரு நாள் வரிசையில் நின்று, தம்புள்ளைச் சந்தைக்குப் போவார்கள். வெங்காயம் அதுவரை காத்திருக்காது. வரிசையில் நித்திரை கொண்டால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான். ஆகவே சாரதிமார் முழித்திருந்தார்கள்.

மாங்குளம் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் முதலாளி என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய தங்கச்சி, தான் மெலிவதற்குக் குடிக்கிற குளிசையில் இரண்டு போத்தலை மறந்து விட்டுப் போய்விட்டா. அதில் ஒன்றைப் போட்டால் இரவு முழுக்கக் கண் மூடாது என்று முதலாளி எப்படியோ கண்டுபிடித்தார். பேப்பர்த் துண்டில் சுற்றி, சாரதிமாருக்குத் தேத்தண்ணியோடு கொடுத்தார். போத்தல் முடிய, கொழும்பிலிருந்து எடுப்பித்தார். "முழிப்புக் குளிசை" என்று பெயரும் வைத்தார். எத்தனை போடலாம், எவன் போடக்கூடாது, எத்தனை நாளைக்குமேல் போடக்கூடாது என்று போத்தலில் இருந்திருக்கும். பேப்பர்த் துண்டில் ஒன்றும் இருக்கவில்லை. பழைய பேப்பரில் வந்த மரண அறிவித்தல்கூட இருந்தது, அது இருக்கவில்லை.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியும் அந்த வீதி ஓரத்தில்தான் இருந்தது. எது என்று எழுதமாட்டேன். ஒரு டொக்டர், இரண்டு மிசிமார், நாங்கள் ஐந்து சிற்றூழியர். பெரிய மிசி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். கடும் ஆள். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை ஒருவருடைய வயிற்றுக்குத்தை நான் டொக்டரிடம் நெஞ்சுக்குத்து என்று போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பெரிய மிசி என்னை மருந்து அலுமாரிக்கு முன் நிறுத்தி வைத்து ஒரு சட்டம் போட்டார்.

"சொன்ன சொல்லை அப்படியே கொண்டு போ. உன்ர சொல்லை நடுவிலை போடாதை. விளங்கிச்சோ?"

ஓம் என்றேன். அந்தச் சட்டம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. கதைக்கக் கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல சட்டம் இல்லை. எட்டு வருஷம் சொற்களைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் போனேன், ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

அது பங்குனி மாதம், மத்தியானம். டொக்டரும் பெரிய மிசியும் பிரசவ அறையில் ஒரு கடினமான பிள்ளைப்பேற்றில் நின்றார்கள். வெளிநோயாளர் பகுதியில் சின்ன மிசி மட்டும். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளை அவ. ஒரு வான் வந்து வாசலில் நின்றது. முதலாளியும் இன்னொருவரும் ஒரு ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தேவன், கனகராயன்குளத்து ஆள், லொறிச் சாரதி. வேர்த்துக் குளித்திருந்தார். பல்லை நறநறவென்று கடித்தார். டயருக்குள் எறும்பு, டயருக்குள் எறும்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தன் கையையே சொறிந்தார். முதலாளியின் கையில் தேவனுடைய செருப்பு இரண்டும் இருந்தன.

வாசலில் முதல் நின்றவள் நான். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மருந்து குடிச்சவன், தங்கச்சி" என்றார் முதலாளி. "கூடிப்போச்சு."

எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், வயலுக்கு அடிப்பதும் மருந்துதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து "மருந்து குடிச்சவன்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பூச்சி மருந்தைக் குடித்துச் சாக முயன்றவன். மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். நான் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்படியே, ஒரு எழுத்தும் குறையாமல்.

ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். முதலாளி வாயைத் திறந்து, பிறகு மூடினார். அந்த மூடின வாயை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. திருத்த ஒரு வசனம் போதும். அந்த வசனத்தைச் சொன்னால் யார் கொடுத்தது என்ற அடுத்த கேள்வி வரும். அதனால் வாயை மூடினார்.

சின்ன மிசி என்னைப் பிரசவ அறைக்கு அனுப்பினார். கதவைக் கொஞ்சம் திறந்து மருந்து குடித்த கேஸ் ஒன்று என்று சொன்னேன். டொக்டருக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. வயிற்றைக் கழுவத் தொடங்கட்டும், அட்ரோப்பின் ஒன்று போடட்டும், தான் பிள்ளையை எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். அட்ரோப்பின் என்பது பூச்சி மருந்துக்கு மாற்று மருந்து. பூச்சி மருந்து குடிக்காதவனுக்குப் போட்டால் அது நெஞ்சை இன்னும் வேகமாக ஓடவைத்து உடம்பைச் சூடாக்கும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லையும் அப்படியே கொண்டு வந்தேன்.

ஆண் சிற்றூழியர் இருவர் தேவனைக் கட்டிலில் கிடத்தி, பண்டேஜ் சுருளால் கையையும் காலையும் கட்டினார்கள். அவர் திமிறினார். குழாய் பல்லைத் தாண்டிப் போகவில்லை, உதடு கிழிந்து இரத்தம் வந்தது. தலையைப் பிடிப்பது என் வேலை. சட்டையை வெட்டிக் கழற்றுவதும் என் வேலை.

இங்கேதான் நான் சொல்லவேண்டியது இருக்கிறது. கவனமாக வாசியுங்கள்.

பூச்சி மருந்து குடித்தவர்களுடைய சட்டையை அதற்கு முன் எத்தனையோ தடவை நான் கழற்றியிருக்கிறேன். டொக்டர்மார் தொட்டுப் பார்க்கிறார்கள், மிசிமார் ஊசி போடுகிறார்கள். உடுப்பைச் சுருட்டிப் பையில் போடுவது நாங்கள். அந்த மணம் எங்கள் கையில் இரண்டு நாளைக்கு நிற்கும். சோறு தின்ன முடியாது. தேவனுடைய சட்டையில் டீசல் மணந்தது, வேர்வை மணந்தது, வெங்காயம் மணந்தது. மருந்து மணக்கவில்லை. பூச்சி மருந்து குடித்தவனுக்கு வாயால் வீணீர் ஓடும், நெஞ்சு கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரிச் சத்தம் போடும். இவருக்கு வாய் காய்ந்து நாக்கு ஒட்டியிருந்தது. பூச்சி மருந்து குடித்தவனுக்குக் கண்மணி குண்டூசித் தலை மாதிரிச் சுருங்கியிருக்கும். நான் தலையைப் பிடித்தபடி குனிந்தபோது இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கண் முழுக்கக் கறுப்பு. என்னுடைய முகம் அதற்குள் தெரிந்தது.

அவருடைய சட்டைப்பையில் ஒரு பேப்பர்த் துண்டும் இருந்தது. விரித்தால் அரைக் குளிசை.

எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சாமான் என்று தெரியாது, ஆனால் பூச்சி மருந்து இல்லை என்று தெரியும். சின்ன மிசி ஊசியில் அட்ரோப்பினை இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். டொக்டர் சொல்லி அனுப்பியது, நான் யார் அதை மறிக்க என்று நினைத்தேன். பிழையாகச் சொல்லிவிட்டால் எல்லோர் முன்னாலும் ஏச்சு விழும் என்று நினைத்தேன். உன்ர சொல்லைப் போடாதை என்ற சட்டத்தை நினைத்தேன். அரைக் குளிசையைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவருடைய தலையைப் பிடித்தபடியே நின்றேன். ஊசி போனது.

முதலாளி வாயை மூடினதுக்கும் நான் வாயை மூடினதுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அவர் தன் கடைக்காக மூடினார், நான் என் வெட்கத்துக்காக மூடினேன். கட்டிலில் கிடந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதை எட்ட நின்றே பார்க்கலாம் போலிருந்தது. உடம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது, என் கை பொறுக்கவில்லை. பிறகு வலிப்பு வந்தது. கட்டிய பண்டேஜ் மணிக்கட்டை அறுத்தது. சின்ன மிசி அழுவதுபோல இன்னொரு ஊசி போடவேணுமோ என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியாது. அங்கே என்னைவிட மூத்தவர் யாரும் இருக்கவில்லை.

"மிசி, மணக்கேல்லை" என்றேன்.

"என்ன?"

"இவரிலை மருந்து மணக்கேல்லை. கண்ணைப் பாருங்கோ. இது மருந்து இல்லை. போடாதையுங்கோ."

கையை விரித்துக் குளிசையைக் காட்டினேன். சின்ன மிசி கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். கட்டை அவிழுங்கள், சரித்துப் படுக்க விடுங்கள் என்றார். நான் விறாந்தைக்கு ஓடினேன்.

விறாந்தையில் தேவனின் மனைவி மலர் நிலத்தில் இருந்தார். வேறொரு லொறிக்காரர் வழியில் அவரை ஏற்றி வந்து விட்டிருந்தார். உன்ர மனுசன் மருந்து குடிச்சிட்டார் என்று அவருக்கும் அந்தச் சொல்தான் போயிருந்தது. மூன்று நாளைக்கு முதல் லொறி வடக்கே போகும்போது தேவன் வீட்டில் கால்மணித்தியாலம் நின்றாராம். சாப்பிடவில்லை, இருக்கவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை, வாய் மூடாமல் கதைத்தாராம். மலருக்கு ஆத்திரம் வந்து, லொறியோடையே கிடந்து சாவுங்கோ என்று ஏசியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்தார். என்ர வாயாலைதான், என்ர வாயாலைதான் என்றார்.

பக்கத்தில் முதலாளி நின்றார். செருப்பு இன்னும் கையில்தான். "அழாதை பிள்ளை. தலையெழுத்தை ஆர் மாத்துறது" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இருபத்தாறு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குள் ஒரு தடவைதான் குரலை உயர்த்தினேன். அது அப்போது.

"அண்ணை, இது என்ன?" என்று குளிசையை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். "தலையெழுத்தோ இது? உங்கட கடைப் பேப்பரிலை சுத்தியிருக்கு. எத்தினை குடுத்தனீங்கள்?"

"என்ன தங்கச்சி, எனக்கென்ன தெரியும்…"

"உள்ளுக்கை ஆள் சாகுது. அவன் செத்தால் இந்தப் பேப்பரை நான் உங்கட கடை வாசலிலை ஒட்டுவன். எத்தினை?"

சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் குளிசையைக் கீழே இறக்கவில்லை. முதலாளி செருப்பைப் பார்த்தார். போன பயணத்திலிருந்தே நாளுக்கு ஒவ்வொன்று, இன்றைக்குக் காலையில் இரண்டு, பிறகு தனக்குத் தெரியாமல் இன்னும் எடுத்திருக்கலாம் என்றார். கடைசியில், "மெலியிற குளிசைதான் தங்கச்சி, பொம்பிளையள் குடிக்கிறது. நஞ்சில்லை" என்றார்.

நஞ்சில்லையாம்.

இந்த முறை பிரசவ அறைக் கதவைத் தட்டவில்லை, தள்ளினேன். அவர் சொன்னது, நான் கண்டது, மணக்காதது, ஒரு ஊசி போனது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பிள்ளை அப்போதுதான் பிறந்திருந்தது. டொக்டர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். பார்த்தவுடன் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்காது. சூடுதான் இந்த ஆளைக் கொல்லப்போகிறது, குளிர்த்துங்கள் என்றார்.

எங்களுக்கு அப்போது பகலில் கரண்ட் இல்லை. கிணற்றில் அள்ளி அள்ளி வாளியால் ஊற்றினோம். கட்டில் துப்பட்டிகளை நனைத்துப் போர்த்தினோம், அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினோம். அம்புலன்ஸ் சாரதி தண்ணீரூற்றுப் பக்கத்து முஸ்லிம் ஆள், இடம்பெயர்ந்து போய்ப் பாதை திறந்தபிறகு திரும்பி வந்தவர். அண்ணனை அவர்கள் சொல்வதுபோல நாங்களும் நானா என்று கூப்பிடுவோம். அவர் வெளியே போனார். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகிற மீன் லொறி ஒன்றை வீதியில் மறித்து, இரண்டு வாளி நிறைய ஐஸ் கொண்டுவந்தார். அதில் மீன் செதிலும் இருந்தது. துணியில் கட்டிக் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் வைத்தோம். வாட்டு முழுக்க மீன் மணம்.

"எழும்பினால் மனுசி வீட்டுக்கை விடமாட்டா" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்து, "உமக்குக் குரல் இருக்கெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும் பிள்ளை. வீதியிலை மதவடிவரைக்கும் கேட்டது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு அது உதவியாக இருந்தது.

மூன்று மணிபோலச் சூடு இறங்கத் தொடங்கியது. கண் திறக்கவில்லை. போட்ட சிறுநீர்க் குழாயால் வந்த சலம் கோப்பி நிறத்தில் இருந்தது. தசைகள் அந்தச் சூட்டிலும் திமிறலிலும் உருகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது, ஓமந்தைப் பாதை மூடுமுன் வவுனியாவுக்கு அனுப்பவேண்டும் என்றார் டொக்டர். கட்டிப் போட்டதால் திமிறினார், திமிறினதால் இன்னும் சூடு ஏறியது. அதை அவர் எங்களைக் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அம்புலன்ஸ் வெளிக்கிடுமுன் நான் மலருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். கையைப் பிடித்தேன்.

"அவர் சாகக் குடிக்கேல்லை" என்றேன். "முழிச்சிருக்கக் குடிச்சவர். வெங்காயம் பழுதாப்போகுமெண்டு."

மலர் நிமிர்ந்தார். "அப்ப நான் சொன்னதாலை இல்லையோ?"

"இல்லை."

"வடிவாத் தெரியுமோ அக்கா?"

"ஓம். வடிவாத் தெரியும்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வண்டியில் ஏறினார். முதலாளியை அங்கே காணவில்லை. செருப்பை மட்டும் வாங்கில் சோடியாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து நான் மலரிடம் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் பெரிய மிசி என்னைக் கூப்பிட்டார். திரும்பவும் அதே மருந்து அலுமாரிக்கு முன். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், ஊசி போகுமுன்னமே எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும். ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டார். நீங்கள்தான் என் சொல்லைப் போடாதே என்று சொன்னீர்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சொல்லை அப்படியே கொண்டுவா எண்டனான். மூக்கையும் கண்ணையும் வீட்டை வைச்சிட்டு வா எண்டனானோ?"

அதற்குமேல் அவர் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து, சின்ன மிசி எழுதிய நோயாளி டிக்கட்டின், நோய் விபரம் எழுதும் தாளின், எங்களிடம் நின்ற பிரதியை எடுத்தார். அதில் நஞ்சு அருந்தியவர் என்று இருந்தது. அதை வெட்டினார். அங்கே என்ன எழுதவேண்டும் என்று என்னைக் கேட்டார். ஒரு மிசி என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. முழிப்புக் குளிசை என்றேன். அவர் அதை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதினார்.

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது எல்லாம் இருக்கிறது. பகலிலும் கரண்ட் இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. அந்தத் தூளின் பெயர் மாதத்துக்கு ஒருமுறை மாறும், அதை நீங்கள் பாடமாக்க வேண்டாம். ஆளைப் பாருங்கள். கண் விரிந்திருக்கிறதா, பல்லைக் கடிக்கிறானா, இல்லாததைக் காண்கிறானா, உடம்பு சுடுகிறதா? அவன் வெறிகாரன் இல்லை, பேய் பிடித்தவன் இல்லை, நடிக்கிறவனும் இல்லை. அவனுடைய நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது. ஒருவனுக்கு இரண்டாவது தரத்திலேயே இது நடக்கும், இன்னொருவனுக்கு இருபதாவது தரத்தில். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. முகங்குப்புறப் போடாதீர்கள், மூச்சு நின்றுவிடும். டொக்டர் சொல்லாமல் கட்டாதீர்கள். வெளிச்சத்தையும் சனத்தையும் குறையுங்கள், குளிர்த்துங்கள், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அவன் அடங்கிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அடங்கினால் கையை நெஞ்சில் வைத்துப் பாருங்கள். தப்பிப் பிழைத்தவனும் பிறகு இரண்டு மூன்று நாளைக்குச் செத்தவன் மாதிரிக் கிடப்பான், உயிரே வேண்டாம் என்பான். அந்த நாட்களிலும் அவனைத் தனியே விடாதீர்கள்.

வாசலில் நிற்பவர்கள் நீங்கள். மருந்து குடித்தவர் என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சாகக் குடித்தவரோ, முழித்திருக்கக் குடித்தவரோ என்று கேளுங்கள். கொண்டுவந்தவன் கண்ணைக் கீழே போட்டால் திரும்பக் கேளுங்கள். யார் கொடுத்தது என்பது எங்களுக்குத் தேவையில்லை, என்ன கொடுத்தது என்பது தேவை என்று சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை, வெருட்டத்தான் தெரிந்தது. சட்டையை எறியுமுன் மணந்து பாருங்கள். மணந்ததைச் சொல்லுங்கள். ஏச்சு விழட்டும். நான் ஏச்சுக்குப் பயந்து நின்ற நேரம் ஒரு ஊசி மருந்து இழுக்கிற நேரம்தான். அவ்வளவு குறுகின நேரம் எனக்கு இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்புலன்ஸ் வவுனியாவிலிருந்து திரும்பி வந்தது. எங்கள் துப்பட்டிகள் இரண்டும் பின் இருக்கையில் மடித்துக் கிடந்தன. ஆள் கண் திறந்து விட்டார், சலம் இன்னும் கறுப்பாகத்தான் போகிறது, மனைவி பக்கத்தில் இருக்கிறா என்று நானா சொன்னார். வருகிற வழியில் முதலாளியின் கடை திறந்திருந்ததாம். வாசலில் மூன்று லொறிகள் நின்றனவாம்.